கம்பத்தடிச் செருப்புகள்

என் பெயர் ஹில்டா. வயது அறுபத்தேழு. காலஞ்சென்ற ஜெரோமின் மனைவி. கிழக்கு தாம்பரம், சேலையூர், மாதா கோயில் தெருவில் வசித்து வருகிறேன். அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கழிமுகத்தில் முனியம்மா இறந்தது தொடர்பாக விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

கோவளம் கழிமுகத்தில் தண்ணீர் வற்றும் நேரத்தில் இறங்கி மட்டி பொறுக்கி விற்கும் பெண்கள் குழு ஒன்று உள்ளது. அதன் தலைவி கனகவல்லி என்னிடம் படித்தவர். மட்டி வாங்கும் வியாபாரி பாதுகாப்பு விதிகள் வேண்டும் என்று கேட்டதால் சென்ற ஆண்டு என்னை அழைத்தார். அதன் பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசி விதிகளை வகுத்தோம். மழைக்குப் பின் கழிவுநீர் கலந்திருந்தால் பொறுக்கக் கூடாது. பொடி மட்டியைத் திரும்பப் போட்டுவிட வேண்டும். இடுப்பில் கட்டி இழுத்துச் செல்லும் அலுமினிய குண்டானின் கயிறு, ஒரே இழுப்பில் அவிழும் உருவு முடிச்சாக இருக்க வேண்டும்.

கழிமுகத்தின் வாயை அவ்வப்போது மணல் அடைத்துவிடும். பொக்லைன் வைத்து அதை வெட்டித் திறந்தால் உள்ளே தேங்கிய தண்ணீர் ஒரேயடியாகக் கடலுக்குப் பாயும். அப்போது உள்ளே இருப்பவர் நிற்க முடியாது. ஆகவே திறக்கும் முன் விசில் ஊத வேண்டும் என்று வைத்தோம். ஆனால் பாலத்தூண்களுக்கு அப்பால் அலைச் சத்தத்தில் விசில் கேட்காது. அதற்காகச் செருப்பு விதியை வைத்தோம். நான் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது, தண்ணீர் பாட்டிலைப் பேருந்து இருக்கையில் வைத்துவிட்டு இறங்கச் சொல்வேன். திரும்பி வந்த பிள்ளை பாட்டிலைக் கையில் எடுத்துக்கொள்ளும். இருக்கையில் பாட்டில் இருந்தால் அந்தப் பிள்ளை இன்னும் வரவில்லை. அதைப் போலத்தான் இது. தண்ணீரில் இறங்குபவர் கரையில் உள்ள கொடிக்கம்பத்தின் அடியில் தம் இடத்தில் செருப்பை வைக்க வேண்டும். காற்று தள்ளாதபடி அதன்மேல் ஒரு பிடி ஈர மணல் போட வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு ஜோடி இருந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. பொக்லைன் ஓட்டுநர் சிட்டிபாபுவும் வாய் வெட்டும் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் கிட்டுவும் இதற்கு ஒப்புக்கொண்டார்கள். ஒரு மழைக்காலம் முழுதும் இதை யாரும் மீறவில்லை.

இம்மாதம் வாய் மறுபடி அடைத்துக்கொண்டது. சம்பவத்தன்று அதைத் திறக்கப்போவதாகக் கனகவல்லி சொன்னதால் நான் பேருந்தில் புறப்பட்டேன். நான் போய்ச் சேர்வதற்கு முன் நடந்ததைக் கனகவல்லி பின்னர் என்னிடம் சொன்னார். முனியம்மா முந்தின நாள் மேல்மருவத்தூருக்கு மாலை போட்டு, சிவப்புச் சேலையில், வெறுங்காலோடு வந்திருக்கிறார். "மாலையப் போட்டுகினு மட்டி பொறுக்க வன்ட்டியாடி? ஆத்தா கோச்சுக்காதா?" என்று கனகவல்லி சீண்டியிருக்கிறார். அதற்கு முனியம்மா, "துன்னக் கூடாதுன்னுதான் கீது. பொறுக்கக் கூடாதுன்னு எங்கனா கீதாக்கா?" என்று கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். மாலை போட்டிருப்பதால் மற்றவர்களை விட்டுத் தள்ளிப் பொறுக்குவதாகவும், வழிபாட்டு மன்றத்துப் பூஜைக்குச் சீக்கிரம் கிளம்பிவிடுவதாகவும் சொல்லிவிட்டு முனியம்மா பாலத்தூண்கள் பக்கம் போயிருக்கிறார்.

நான் போனபோது விசில் ஊதி முடிந்திருந்தது. பெண்கள் கரையேறி, செருப்பு மாட்டிக்கொண்டு, கொட்டகையில் மட்டி கழுவிக்கொண்டிருந்தார்கள். முனியம்மா பூஜைக்குப் போய்விட்டார் என்றே நினைத்திருக்கிறார்கள். சிட்டிபாபு வண்டியை விட்டு இறங்கி வந்து கம்பத்தடியைக் காட்டி, "டீச்சர், நீங்களும் ஒரு தபா பாத்துருங்க. ஒரு செருப்புகூட இல்ல," என்றார். நான் பார்த்தேன். ஆமாம், ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அதன் பிறகு கிட்டு கையை அசைத்தார். சிட்டிபாபு வாயைத் திறந்தார்.

தண்ணீர் பாய்ந்த சிறிது நேரத்தில் ஒரு அலுமினிய குண்டான் சுழன்று வந்து, வெட்டிய வழியாகக் கடலுக்குள் போயிற்று. கனகவல்லி கையிலிருந்த மட்டியைக் கீழே போட்டுவிட்டு, அது முனியம்மாவுடையது என்றார். சிட்டிபாபு வெட்டிய மணலை மறுபடி வாயில் தள்ளிப் பார்த்தார். தண்ணீர் அதையும் இழுத்துக்கொண்டு போயிற்று. பிற்பகலில் மீனவர்கள் முனியம்மாவின் உடலையும், அதன் பின் கரை ஒதுங்கிய குண்டானையும் எடுத்து வந்தார்கள். கயிறு அறுந்திருக்கவில்லை. முடிச்சு அவிழ்க்கப்பட்டிருந்தது.

மருத்துவமனையில் முனியம்மாவின் மகள் தேவதர்ஷினி என்னிடம், "அம்மா ரூல்ஸ மீறிட்டாங்களாம் டீச்சர். கிட்டு சார் அப்டித்தான் எழுதிக் குட்த்துக்கிறாரு. எங்கம்மா அப்டி செய்யுமா?" என்று கேட்டாள்.

அதன் பிறகு, கொட்டகையில் விட்டு வந்த என் பையை எடுக்கக் கழிமுகத்துக்குத் திரும்பினேன். கம்பத்தடியில் கடல் பக்கத்து ஓரம் முனியம்மாவின் இடம். அங்கே இரண்டு ஆளி ஓடுகள் இருந்தன. இவை மட்டி ஓடு போல வட்டமானவை அல்ல, பாதம் போல நீண்டவை. ஒன்றையொன்று ஒட்டி, முனை கம்பத்தைப் பார்க்க, எல்லோரும் செருப்பு வைக்கும் விதமாகவே வைக்கப்பட்டிருந்தன. கரை முழுதும் ஓடுகள் கிடக்கின்றன. ஆனால் இவ்விரண்டின் மேலும் ஒவ்வொரு பிடி மணல், ஈரம் காய்ந்து, விரல் அழுத்திய தடத்தோடு இருந்தது. நான் எதையும் தொடாமல் கனகவல்லியைக் கூப்பிட்டுக் காட்டிப் படம் எடுக்கச் செய்தேன். பிறகு ஓடுகளை இக்காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன்.

சிட்டிபாபு பொய் சொல்லவில்லை. அவரைச் செருப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தோம், பார்த்தார். நானும் பார்த்தேன். அப்போதே அந்த ஓடுகள் என் கண்ணில் பட்டன, கரையில் கிடக்கும் வெறும் ஓடுகள் என்றே நினைத்தேன். ஆனால் யார் ஏறிவிட்டார்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று எங்கள் விதியில் இல்லை. செருப்பே இல்லாமல் ஒருவர் வரக்கூடும் என்று விதி வகுத்த எங்களில் யாரும் யோசிக்கவில்லை. முனியம்மா யோசித்திருக்கிறார்.

இவ்வாக்குமூலம் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. அதன் முகப்பில் எழுதியிருந்த சம்பவச் சுருக்கத்தில் "செருப்பை வைக்கத் தவறியதால்" என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு, "செருப்புக்குப் பதிலாக ஆளி ஓடுகளை வைத்துவிட்டு இறங்கியும்" என்று எழுதச் சொன்னேன். எழுதப்பட்டது. அடித்த இடத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டிருக்கிறேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, உண்மையானவை.

(ஒப்பம்) ஜெ. ஹில்டா