வீட்டுக்கு ஒரு இன்ஜினியர்

ருசுல்: ...கதையெல்லாம் அப்புறம், நீ முதல்ல சாப்பிடு அண்ணே. அம்மா விடியக்காலையில எழுந்து வெங்காயத்தை ஒவ்வொரு தோலா உரிச்சு, உள்ள அரிசியும் கறியும் வச்சு டோல்மா சுத்தியிருக்கு. அப்படியே திருப்பிக் கொண்டுபோனா என்னைத்தான் திட்டும்.

அகீல்: பசிக்கல ருசுல். பஸ்ராவுல ஆகஸ்ட் மாசம் மனுஷன் மூச்சு விடறதே பெருசு. இதுல சாப்பாடு வேற...

ருசுல்: அங்க பாரு, உன் சேக்காளிங்க எல்லாம் இதே வெயில்லதான் கைகோத்து ஆடிக்கிட்டிருக்காங்க. கம்பெனி எல்லாரையும் வேலைக்கு எடுத்துக்கறேன்னு சொல்லிடுச்சாம். நீ மட்டும் போராட்டக் கூடாரத்து மூலையில உக்காந்து ஐஸ்பெட்டி கழுவுற.

அகீல்: யாராவது கழுவணும்ல.

ருசுல்: வேலை கிடைச்சவன் மூஞ்சியா இது? எழவு வீட்டுல உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு.

அகீல்: அந்த வாய் மட்டும் இல்லேன்னா உன்னை நாய் தூக்கிட்டுப் போயிருக்கும்.

ருசுல்: பேச்சை மாத்தாத. வருஷக்கணக்கா இந்த எண்ணெய்க் கம்பெனி வாசல்ல கிடந்தீங்க, படிச்ச இன்ஜினியருக்கு வேலை கொடு, வேலை கொடுன்னு. கொடுத்துட்டான். இப்ப என்னவாம்?

அகீல்: ஒண்ணுமில்ல. களைப்பு. கேட்டுக் கேட்டே ஓஞ்சுபோனவனுக்கு, கிடைச்ச அன்னைக்குச் சிரிக்கத் தெம்பு இருக்காது.

ருசுல்: ம்... அத்தாவுக்குத் தெம்பு இருக்கு. நேத்து சேதி வந்ததுல இருந்து அவரு வீட்டுல உக்காரவே இல்ல. தெரு முழுக்க மிட்டாய். தெருவுக்கே கரண்டு விடற ஜெனரேட்டர்காரன்கிட்டப் போயி, எங்க வீட்டு லைனுக்கு என் பேரு போடாத, இன்ஜினியர் வீடுன்னு போடுன்னு சொல்லிட்டு வந்திருக்காரு.

அகீல்: போடட்டும்...

ருசுல்: அம்மா சிரிக்குது. எந்தப் பேரு போட்டாலும் கரண்டு ஒரே நேரத்துலதான் போகப்போவுதுன்னு.

அகீல்: அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்.

ஜாசிம்: அகீலு, இங்கதான் இருக்கியா? ஐஸ் வண்டி வந்து நிக்குது. எவ்வளவு இறக்கச் சொல்ல?

அகீல்: பாதி போதும் ஜாசிம். சாயங்காலம் நிறையப் பேரு வீட்டுக்குக் கிளம்பிடுவாங்க. நல்ல தண்ணி ட்ரம்மை நிழல்ல தள்ளச் சொல்லு. வாடகைக்கு எடுத்த விசிறி எல்லாம் ஒரே இடத்துல சேரட்டும், நாளைக்கு எவன் வீட்டுக்கு எது போச்சுன்னு தேட முடியாது.

ஜாசிம்: ஆகட்டும். இது யாரு, தங்கச்சியா? அம்மாடி, உன் அண்ணன் மட்டும் இல்லேன்னா நாங்க முதல் கோடையிலயே கலைஞ்சு ஓடியிருப்போம். சோறு, தண்ணி, யாரு எப்ப வரணும், யாரு வீட்டுல சாவு, யாரை அனுப்பணும்... எல்லாம் இவன்தான். ஆனா ஒண்ணு கேளு இவன்கிட்ட. ஞாயித்துக்கிழமை உள்ள கூப்பிட்டு எல்லார் பட்டத்தையும் சரிபார்க்கிறாங்க. எல்லாரும் பேரு கொடுத்தாச்சு. இவன் மட்டும் இன்னும் கொடுக்கல. கேட்டா, நீங்க முதல்ல போங்கடாங்கிறான்.

அகீல்: வண்டிக்காரன் வெயில்ல நிக்கிறான் ஜாசிம்.

ஜாசிம்: போறேன், போறேன். டோல்மாவுல எனக்கு ரெண்டு வை.

ருசுல்: ...ஏன் அண்ணே?

அகீல்: என்ன ஏன்?

ருசுல்: ஏன் பேரு கொடுக்கல?

அகீல்: கொடுக்கலாம். என்ன அவசரம்? கூட்டம் குறையட்டும். அதை விடு, நீ வந்த விஷயத்தைச் சொல்லு. ஃபோன்ல என்னமோ கேட்டியே.

ருசுல்: காலேஜ். இன்னைக்கு சாயங்காலத்தோட முடியுது. எந்தப் படிப்பு முதல் விருப்பம்னு போட்டு அனுப்பணும். அப்புறம் பாக்தாத்ல உக்காந்து மார்க்கைப் பார்த்து ஒதுக்குவாங்க. என் மார்க்குக்கு இன்ஜினியரிங்கும் கிடைக்கும், பிசினஸும் கிடைக்கும். எதை முதல்ல போட?

அகீல்: இதுக்கு எதுக்கு இவ்வளவு தூரம் வெயில்ல வந்த? உனக்கு எது பிடிக்குதோ அதைப் போடு.

ருசுல்: பிடிச்சது உனக்கே தெரியும்.

அகீல்: கிலேச்சா.

ருசுல்: சிரிக்காத. பேரீச்சம்பழ பிஸ்கட்டுதான், இல்லேங்கல. ஆனா பெருநாளுக்கு வந்த ஆர்டரை நானும் அம்மாவும் சமாளிக்க முடியாம பாதிப் பேரைத் திருப்பி அனுப்பினோம். முறையாப் படிச்சா பெருசாப் பண்ணலாம் அண்ணே. பக்கத்து வீட்டுப் பொண்ணுங்களைச் சேர்த்துக்கலாம், துபாய்க்குக்கூட அனுப்பலாம். ராத்திரி கண்ணை மூடினா அதுதான் ஓடுது.

அகீல்: அப்புறம் என்ன கேள்வி? பிசினஸ் போடு.

ருசுல்: அத்தா?

அகீல்: அத்தா என்ன சொல்றாரு?

ருசுல்: என்ன சொல்வாரு... துறைமுகத்துல கிரேன் ஓட்டற மனுஷன். ஆயுசு பூரா, தன் மகன் வயசுப் பசங்களைப் பார்த்து இன்ஜினியர் சார், இன்ஜினியர் சார்னு எழுந்து நின்னவரு. நேத்து ராத்திரி சாப்பிடும்போது சொல்றாரு, ஒரு புள்ள இன்ஜினியர் ஆயிட்டான், இன்னொண்ணும் ஆயிட்டா நான் யாருக்கும் எழுந்து நிக்க வேணாம்னு. சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. கண்ணு கலங்கினது நாங்க பார்த்துடக் கூடாதாம்.

அகீல்: அந்தக் கண்ணீரை நம்பாத ருசுல். அதைப் பார்த்தா எதை வேணா ஒத்துக்கத் தோணும்.

ருசுல்: ஒத்துக்கலாம்னுதான் நானும் நினைக்கிறேன். இன்ஜினியரிங்கே போட்டுடறேன்.

அகீல்: வேணாம்.

ருசுல்: இப்பத்தான் உன் இஷ்டம்னே.

அகீல்: உன் இஷ்டம்னுதான் சொன்னேன். அத்தா இஷ்டம்னு சொல்லல.

ருசுல்: ஏன், நீ படிக்கலையா? அத்தா சொல்லித்தானே படிச்ச? கஷ்டப்பட்ட, இப்ப வேலை வந்திருச்சு. கூடத்துல உன் பட்டமளிப்புப் போட்டோவைக் காட்டி, இவனைப் பாரு, இவனைப் பாருன்னுதானே என்னை வளர்த்தாங்க.

அகீல்: அந்தப் போட்டோ பேச்சு வேணாம்.

ருசுல்: ஏன், நல்லாத்தானே இருக்க. இன்ஜினியரிங்னு எழுதின பட்டையைத் தோள்ல போட்டுக்கிட்டு...

அகீல்: ருசுல், எனக்கு உன்னோட மல்லுக்கட்டத் தெம்பில்ல. பிசினஸ் போடுன்னா போடேன்.

ருசுல்: காரணம் சொல்லு. போடறேன்.

அகீல்: கணக்கு கஷ்டம்.

ருசுல்: கணக்குல நான் உன்னைவிட நல்ல மார்க்கு.

அகீல்: வேலை கிடைக்காது. இங்க பார்த்தியா எத்தனை பேரு...

ருசுல்: இன்னைக்குத்தான் அத்தனை பேருக்கும் கிடைச்சிருக்கு.

அகீல்: ...விடமாட்ட.

ருசுல்: மாட்டேன். இன்னொண்ணும் சொல்றேன், கேட்டுக்க. ஞாயித்துக்கிழமை அத்தா உன்கூட வர்றாரு. கேட் வரைக்குமாவது வந்து, நீ உள்ள போறதைப் பார்க்கணுமாம். பெருநாள் சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில மாட்டியிருக்காரு.

அகீல்: யா அல்லாஹ்... வர வேணாம்னு சொல்லு.

ருசுல்: நீ சொல்லு.

அகீல்: என்னால முடியாது. முடிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருக்க மாட்டேனா?

ருசுல்: எப்பவே?

அகீல்: ...தண்ணி இருக்கா?

ருசுல்: இந்தா. மெதுவாக் குடி. புரையேறப்போவுது.

அகீல்: ருசுல், நான் ஞாயித்துக்கிழமை உள்ள போக முடியாது. பட்டத்தைக் கேப்பாங்க. என்கிட்ட இல்ல.

ருசுல்: தொலைச்சிட்டியா?

அகீல்: தொலைக்கிறதுக்கு வாங்கியிருக்கணும். நான் இன்ஜினியரிங் முடிக்கல. ரெண்டாவது வருஷம் ஃபெயிலு. திரும்ப எழுதினேன், திரும்பவும் ஃபெயிலு. அத்தா அப்ப தினமும் வேலைக்குப் போற வழியில என்னை இன்ஜினியரிங் வாசல்ல இறக்கிவிட்டு, நான் உள்ள போற வரைக்கும் வண்டியை எடுக்க மாட்டாரு. எப்படிச் சொல்றது? பிசினஸுக்கு மாறிக்கிட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம்தானே அது. முன்வாசல்ல நுழைவேன், அவரு கையாட்டுவாரு, நானும் ஆட்டுவேன். அப்படியே பின்வாசல் வழியா வெளிய வந்து ரோட்டைத் தாண்டிப் போவேன். படிப்பு முடியற வரைக்கும் அப்படித்தான் போனேன்.

ருசுல்: ம்.

அகீல்: போட்டோவுல இருக்கிற பட்டை ஜாசிமோடது. சும்மா ஒரு நிமிஷம் போட்டுக்கறேன்னு வாங்கினேன். அத்தா அதைச் சட்டம் போட்டு மாட்டுவாருன்னு எனக்கெங்க தெரியும்?

ருசுல்: அப்ப ஜாசிம் அண்ணனுக்குத் தெரியுமா?

அகீல்: அவன் சிவில். என்னைப் பெட்ரோலியம்னு நினைச்சுக்கிட்டிருக்கான். பெட்ரோலியம்காரங்க என்னை சிவில்னு நினைக்கிறாங்க. சோறு நேரத்துக்கு வருதா, அதுக்கு மேல யாரும் கேட்டுக்கல.

ருசுல்: ஹ்ம்... சிரிக்கவும் முடியல.

அகீல்: சிரி. நானே சில நாள் சிரிப்பேன்.

ருசுல்: அப்புறம் எதுக்கு இந்தக் கூடாரத்துல வந்து உக்காந்த? இன்ஜினியரே இல்லாதவன், இன்ஜினியருக்கு வேலை கொடுன்னு...

அகீல்: ஜாசிமுக்குச் சோறு கொண்டுவந்தேன், ஒரே ஒரு நாள். டிவிக்காரன் படம் பிடிச்சான், நானும் ஓரத்துல நின்னேன். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்கு வந்தா அத்தா கட்டிப்பிடிச்சுக்கிட்டாரு. உரிமைக்காக நிக்கிற மகன்னு. அதுக்கு முன்னாடி வரைக்கும் தினம் தினம், ஏன்டா வேலை கிடைக்கல, ஏன்டா வேலை கிடைக்கலன்னு கேட்டுக்கிட்டிருந்தவரு. அன்னையில இருந்து கேக்கறதை விட்டுட்டாரு. எனக்கு அது போதும்னு ஆயிடுச்சு. இங்க உக்காந்திருக்கிற வரைக்கும் யாரும் எதையும் கேக்க மாட்டாங்க. கம்பெனியும் கொடுக்காது, நானும் கேட்டுக்கிட்டே இருக்கலாம். அவன் கொடுத்துத் தொலைப்பான்னு நான் நினைக்கவே இல்ல.

ருசுல்: எல்லாரும் வேலை வேணும்னு துஆ கேட்டாங்க...

அகீல்: நான் அவங்களுக்குக் கிடைக்கணும், என்னை விட்டுட்டுக் கிடைக்கணும்னு கேட்டேன். என்ன துஆவோ.

ருசுல்: பிசினஸ் படிப்பு... உனக்குப் பிடிச்சிருந்துச்சா?

அகீல்: ரொம்ப. அதுதான் வயித்தெரிச்சல். நல்லாப் படிச்சேன். நல்ல மார்க்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து ஒருத்தர்கிட்டச் சொல்ல முடியல. ஃபெயிலானதை மறைக்கறதுகூடப் பெருசில்ல ருசுல். பாஸானதை மறைச்சேன் பாரு...

ருசுல்: அழாத அண்ணே. அவங்க பார்க்கிறாங்க.

அகீல்: வேர்வை. அதான் சொல்றேன், அத்தா முகத்துக்காக எதையும் போடாத. முதல் நாள் சந்தோஷமாத்தான் இருக்கும். அப்புறம் ஒவ்வொரு நாளும் அந்த வாசல்ல இறங்கிக் கையாட்டணும். நீ எனக்கு மேல ரோஷக்காரி, உன்னால அது முடியாது. உன் கிலேச்சாவைப் பாரு, ஊரு பூரா அனுப்பு. அத்தா கோவிப்பாரு, கொஞ்ச நாள் பேச மாட்டாரு. பேசாட்டி என்ன? நான் இருக்கேன்.

ருசுல்: நீ எங்க இருக்க? இங்க இருக்க.

அகீல்: சரி... குத்திக்காட்டிக்க. உனக்குப் பாத்தியதை இருக்கு. ஆனா எனக்கு ஒரே ஒரு காரியம் பண்ணு. ஃபோனை எடு. என் கண்ணு முன்னாடி பிசினஸை முதல்ல போட்டு அனுப்பு. நான் சொன்னதுக்கு ஒரு பலனாவது இருக்கட்டும்.

ருசுல்: முடியாது அண்ணே.

அகீல்: இன்னும் என்ன முடியாது? அதான் எல்லாம் சொல்லிட்டேனே. சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்குன்னு நீதானே சொன்ன?

ருசுல்: நேத்தோட முடிஞ்சிருச்சு. இன்னைக்குன்னு சும்மா சொன்னேன்.

அகீல்: என்ன விளையாடுறியா?

ருசுல்: இல்ல. போன மாசம் பிசினஸ் காலேஜை ஒரு தடவை பார்த்துட்டு வரலாம்னு நானும் என்கூடப் படிச்ச நூரும் போனோம். ஒரு புரொஃபசரம்மா என் பேரு, அத்தா பேரு எல்லாம் விசாரிச்சுட்டு, நீ அகீல் தங்கச்சியான்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. எப்படி இருக்கான், எங்க இருக்கான், எங்க புள்ள அவன், அவனை மாதிரி ஒருத்தன் அப்புறம் வரவே இல்லன்னாங்க. நல்லா இருக்கான்னு சொல்லிட்டு வந்துட்டேன். வீட்டுல மூச்சு விடல. நீயா ஒருநாள் என்கிட்டச் சொல்வேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்.

அகீல்: அப்ப... நேத்து நீ என்ன போட்ட? ருசுல்? என்னைப் பார்த்துச் சொல்லு, என்ன போட்ட?

ருசுல்: இன்ஜினியரிங். திட்டாத, திட்டினாலும் இனி மாத்த முடியாது. அத்தாவுக்கு வீட்டுல ஒரு இன்ஜினியர் இருந்தாப் போதும் அண்ணே, அது நீ இல்லேன்னு தெரிஞ்சா ரெண்டு நாள் கோவப்பட்டுட்டு விட்டுடுவாரு. நான் இருந்துக்கறேன். நீ டோல்மாவைச் சாப்பிட்டுட்டு என்கூட வீட்டுக்கு வா.