கதவுக்கு முட்டுக் கொடுத்த கல்

— கதவு அடிச்சா அடிச்சுக்கட்டும் அத்தை. அந்தக் கல்லை மட்டும் கீழ வைக்காதீங்க.

— அம்மாடி! பன்னண்டு வருஷமா தரையில கிடந்த கல்லு. இன்னைக்கு என்ன புதுசா ராஜ மரியாதை? ஞாயித்துக்கிழமையும் அதுவுமா அவன் இல்லாம நீ மட்டும் வந்து நிக்கும்போதே நினைச்சேன்.

— உங்க பிள்ளைய நான்தான் வர வேண்டாம்னேன். முதல்ல உங்ககிட்ட சொல்லணும். இந்தத் துண்டை விரிச்சு அது மேல வைங்க.

— வச்சாச்சு. உக்காரு. மூஞ்சியப் பாத்தா பரீட்சையில கோட்டை விட்ட பிள்ளை மாதிரி இருக்கு.

— கோட்டைதான் விட்டுட்டேன். போன மாசம் பெயின்ட் அடிக்க வந்தவங்க இதைக் கீழ போட்டு, ஓரத்துல ஒரு சில்லு தெறிச்சுதே, ஞாபகமிருக்கா?

— நீ பொறுக்கித் தீப்பெட்டியில போட்டுக்கிட்டுப் போன. இவளுக்கு எதுக்கு இந்தக் குப்பைன்னு நினைச்சேன்.

— உடைஞ்ச இடத்துல சாம்பல் நிறம், நடுவுல அரிசி மாதிரி வெள்ளை வெள்ளையா புள்ளி. இரும்பு உருக்கின கசடு அப்படி இருக்காதே. லேபுக்கு எடுத்துட்டுப் போய்ப் பாத்தேன். அத்தை, இது நிலாவுலேருந்து விழுந்த கல்லு.

— ம்.

— 'ம்'மா? மூணு நாளா எனக்குச் சாப்பாடே இறங்கல. நீங்க 'ம்'ங்கறீங்க!

— பின்ன எழுந்து குதிக்கச் சொல்றியா? முட்டிவலிக்காரி நான். சரி, நிலாதான்னு எப்படிக் கண்டுபிடிச்ச? சீட்டு எழுதியா ஒட்டியிருக்கு?

— எழுதி ஒட்டின மாதிரிதான். கல்லுக்குள்ள இரும்போட கொஞ்சம் மாங்கனீசும் இருக்கும். பூமிக் கல்லுன்னா நாப்பது பங்குக்கு ஒரு பங்கு. நிலாக் கல்லுன்னா எழுபதுக்கு ஒண்ணு. இதுல எழுபத்தொண்ணு வந்துச்சு. மெஷின் மக்கர் பண்ணுதுன்னு நினைச்சு மறுபடி வச்சேன், எழுபது. கூட வேலை பாக்கறவங்களைப் பாக்கச் சொன்னேன், எழுபத்திரெண்டு.

— அதான பாத்தேன். மூணு தடவை பாக்காம நீ வந்து நிக்க மாட்டியே.

— இப்பதான் மூணு தடவை. அன்னைக்கு மூணு நிமிஷம் கூடப் பாக்கலையே! நான் வேலைக்குச் சேந்து மூணாவது வாரம். இந்த வீடு நிறைய சொந்தக்காரங்க. மாமா கைக்குட்டையில சுத்திக் கொண்டு வந்து, 'கொஞ்சம் பாத்துச் சொல்லும்மா'ன்னு நீட்டினார். காந்தத்தைக் காட்டினேன், ஒட்டல. மேல்தோல்ல கொப்புளம் கொப்புளமா இருந்துச்சு. உடனே, 'மாமா, இது வானத்துலேருந்து வரல, இரும்புப் பட்டறையிலேருந்து வந்திருக்கு'ன்னேன்.

— உன் சின்ன மாமனாருக்குச் சிரிச்சுச் சிரிச்சுப் புரையேறிப் போச்சு.

— மாமாவும் சிரிச்சார்.

— சிரிச்சார்.

— சிரிச்சுட்டு எழுந்து போய், இந்தக் கதவுக்கு முட்டு வச்சார். சாகுற வரைக்கும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. விண்கல்லுக்குத் தோல்ல கொப்புளம் இருக்காதுன்னு படிச்சிருந்தேன் அத்தை. நிலாக் கல்லுக்கு இருக்கலாங்கறது அடுத்த பக்கத்துல இருந்துச்சு. படிக்காதவங்க கூட இப்படி ஏமாந்திருக்க மாட்டாங்க.

— விடும்மா. அவர் போய் மூணு வருஷம் ஆச்சு.

— அதான் தாங்க முடியல. அவர் இருக்கும்போது சொல்லியிருக்கணும். இந்த ஃபாரத்தைப் பாருங்க. கல்லுக்குப் பேர் பதியறதுக்கு. கண்டெடுத்தவர்ங்கற கட்டத்துல மாமா பேர். வகைப்படுத்தினவர்ங்கற கட்டத்துல என் பேர். அதுக்குக் கீழ, இதுக்கு முன்னாடி யாராவது பாத்தாங்களான்னு ஒரு கட்டம். எங்க தலைவர் அதைக் காலியா விட்டுடுங்கறார். நான் எழுதப் போறேன். 'நானே பாத்தேன், கசடுன்னு சொன்னேன்'னு.

— எழுதினா உன்னை வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களா?

— மாட்டாங்க. ஊர் ஊரா இருக்கற லேபுல எல்லாம் சிரிப்பாங்க. சிரிக்கட்டும். மாமாவைப் பாத்துச் சிரிச்சாங்கல்ல.

— எழுதாதே.

— எழுதுவேன் அத்தை.

— பிடிவாதம் அப்படியே அவர்தான். பெத்த பிள்ளைக்கு வரல, உனக்கு வந்திருக்கு.

— எந்த இடத்துல எடுத்தார்னும் எழுதணும். உங்களுக்குத் தெரியுமா?

— பாலைவனத்து ரோட்டுல தண்ணி லாரி ஓட்டிட்டு வரும்போது டயர் வெடிச்சிடுச்சு. வண்டி உருளாம இருக்க, சக்கரத்துக்கு அடை வைக்கக் கல்லு தேடியிருக்கார். கண்ணுக்கு எட்டின மட்டும் வெள்ளை மண்ணு, இது ஒண்ணுதான் கறுப்பாம். எத்தனாவது மைல்னு டிரிப் நோட்டுல எழுதி வச்சிருக்கார். பீரோவுல இருக்கு. எடுத்துட்டு வர்றேன், இரு.

— எடுங்க. இதுலேருந்து இருபது கிராம் வெட்டி லேபுல வைக்கணும், அது விதி. அடியில வெட்டினா வெளியே தெரியாது. அங்க ஒட்டியிருக்கற இந்தப் பச்சைத் துணிய உரிக்கட்டுமா?

— துணிய விடு!

— அங்கேருந்தே கத்தாதீங்க, பத்திரமாத்தான் உரிப்பேன். அன்னைக்கே ஒட்டியிருந்துச்சு இது. கல்லுக்குப் பாவாடை கட்டிவிட்டிருக்கீங்களே மாமான்னு அதையும் கிண்டல் பண்ணினேன்.

— விடுன்னு சொல்றேன்ல.

— உரிச்சுட்டேன். அத்தை... அத்தை, இங்க வாங்க. அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு. இது உடைஞ்சதில்ல. வைர ரம்பத்துல வெட்டினது. யார் வெட்டினா?

— இந்தா, நோட்டு. அட்டைக்குள்ள ஒரு கடுதாசி இருக்கும், எடு.

— 'தாங்கள் அனுப்பிய கல் நிலவிலிருந்து வந்த விண்கல் என்பது உறுதியாயிற்று. இருபது கிராம் எடுத்துக்கொண்டு...' மாமாவுக்குத் தெரியுமா? அப்ப நான் சொன்னதை நம்பாம வேற லேபுக்கு அனுப்பியிருக்கார்! நல்லவேளை. நல்லவேளை அத்தை, அவராவது...

— தேதியப் பாரு.

— இது... நான் கசடுன்னு சொன்னதுக்குப் பத்து நாள் முன்னாடி.

— ஆமா. அன்னைக்கு அந்தக் கடுதாசி அவர் சட்டைப் பையிலதான் இருந்துச்சு. வெட்டின இடம் உன் கண்ணுல பட்டுடக் கூடாதுன்னுதான் துணிய ஒட்டினதே.

— தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு என்கிட்ட கேட்டார்? என்னைச் சோதிச்சாரா? அப்புறமாவது சொல்லியிருக்கலாமே!

— நான் சண்டையே போட்டேன், சொல்லுங்கன்னு. 'புதுசா வேலைக்குப் போற பொண்ணு, நாலு பேர் முன்னாடி தலைகுனிய வேண்டாம். கல்லு எங்க ஓடிப்போகுது? அவ வந்து போற கதவுகிட்டயே கிடக்கட்டும், ஒருநாள் அவளே பாப்பா'ன்னுட்டார். என் வாயையும் கட்டிட்டார். கடுதாசியோட கடைசி வரியப் படி.

— 'தாங்கள் கேட்டுக்கொண்டபடி, பதிவுப் படிவத்தில் வகைப்படுத்தியவர் பெயருக்கான கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறோம்.'

— கைக்குட்டையில சுத்தி யாராவது சந்தேகம் கேக்க வருவாங்களாம்மா? உனக்கு வேலை கிடைச்சதுக்கு அவர் கொண்டு வந்த பரிசு அது.