தோண்டாத குளம்

திருச்செந்தூர் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் இருந்த பெண், “நல்ல வேளைக்கா, நாம சோம்பேறியா இருந்தோம்” என்றாள். அவள் ஒரு கடலோர ஊராட்சியின் துணைத் தலைவி. பக்கத்தில் இருந்தவர் தலைவி. தூத்துக்குடியில் பயிற்சி முடிந்து ஊர் திரும்புகிறார்கள்.

“ஆமா ஏளா. போன மாசமே குளத்த ஆழமாத் தோண்டியிருந்தா, கடல்தண்ணி ஊறி, குடிதண்ணிக் கெணறும் உப்பாயிருக்கும்.”

“பயிற்சியில அந்த சார் தோண்டக் கூடாதுன்னு சொன்னதும் எனக்கு வேர்த்துட்டு. நூறு நாள் வேலைக்கு வாற பொம்பளைகளுக்கு என்ன பதில் சொல்லன்னு நெனச்சேன்.”

“அதான் கரைய உசத்தி, பனங்கொட்ட ஊணச் சொன்னாருல்லா. வேலையும் போகல, கெணறும் போகல.”

தலைவியின் கைபேசி ஒலித்தது.

“நாளைக்கு எல்லாரும் மம்பட்டியோட வாங்க. தோண்ட இல்ல, கரை போட” என்றவர், ஜன்னலில் தலைசாய்த்து நிம்மதியாகத் தூங்கிப்போனார்.