விபூதி படிந்த தெர்மாமீட்டர்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணமங்கலம் தாண்டியதும் இளையவள் சொன்னது காதில் விழுந்தது.

“எங்க வூட்ல நெத்திக்கு நேரா புடிச்சுப் பாக்குற தெர்மாமீட்டர்ல விபூதி வாசனை அடிக்குதுக்கா. நேத்து புள்ளைக்கு உடம்பு கொதிக்குது, அது காய்ச்சலே இல்லன்னு காட்டுது.”

“நெத்தியில ஒட்டவெச்சா பாக்குற? ரெண்டு விரல் தள்ளிப் புடிக்கணும். வேர்வைய தொடச்சிட்டு, ஃபேன நிறுத்திட்டுப் பாரு.”

“எல்லாம் பாத்தாச்சு. முன்னால இருக்குற சின்னக் கண்ணாடியிலதான் விபூதி ஒட்டிகினு கீது.”

“அதுல எப்படிடி விபூதி வந்துச்சு?”

“அவரு இருந்தப்ப, பட்டை போட்டுகினுதான் தறியில உக்காருவாரு. காய்ச்சல் வந்தாலும் அழிக்க வுடமாட்டாரு. நான் அது மேலயே வெச்சு அழுத்துவேன். ‘இன்னாடி, நெத்திக்கண்ண மூடறியா’ன்னு சிரிப்பாரு.”

பெரியவள் மெதுவாகச் சொன்னாள்.

“ஸ்பிரிட்டுல பஞ்ச நனைச்சு ஒருவாட்டி தொடச்சா போயிடும்டி.”

“போயிடும்க்கா. அதான், காலையிலயே புள்ளைக்குப் புதுசு ஒண்ணு வாங்கிட்டேன்.”