தம்பி தோலுக்குச் சோறு

"தம்பி தோலுக்கு இன்னிக்கு யாரும்மா சோறு போடறது?"

ஆரணியில் சந்தவாசல் பஸ் ஏறிக் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்தேன். ஒருத்தனுக்கும் நகர்ந்து உட்கார மனசில்லை. கேட்டவர் முன் சீட்டிலிருந்த தறிக்காரர். மடியில், நாளைக்கு மகனின் வருஷத் திதிக்கு வாங்கிய அகத்திக்கீரை, வாழைக்காய். பக்கத்தில், ஹைதராபாத் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வந்த மகள்.

"ஃபிரண்டு பாத்துக்கறா நைனா. சோறு இல்ல, சத்துத் தண்ணி."

"நீ செஞ்ச ஜீனு அந்தத் தோலுக்குள்ள போச்சா?"

"போச்சு. செல்லைச் சுத்தி கொழுப்புதான் உறை. ஜீன் தனியாப் போனா உள்ள சேக்காது. நானே செஞ்ச கொழுப்புல சுருட்டி அனுப்பினேன். சொந்தம்னு நெனச்சு உட்டுடுச்சு."

"அதையும் ஏமாத்திட்டியா, கில்லாடி!"

"தம்பி உசுரோட இருந்தப்ப டாக்டர் எடுத்த தோலு, லேப்புல என் தட்டுல இருக்குது. அவனைக் கொண்டுபோன நோய் இப்ப அந்தத் தோலுல இல்ல நைனா."

"இன்னும் வளந்துகினு இருக்குதா?"

"வளருது."

அவர் கீரைக்கட்டையே பார்த்தார்.

"அமாவாசைக்கு அமாவாசை படைச்சேன். ஒரு காக்காகூட சோத்தைத் தொடல. உங்கம்மா அழுதுகினே கெடக்கறா. இப்பதான் புரியுது."

"என்னா புரியுது?"

"அவன் அங்க சாப்பிட்டுகினு இருக்கான். இங்க எப்படி வருவான்?"

"பேஜார் பண்ணாத நைனா! அது வெறும் தோலு!"

மொத்த பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. படித்த பெண், சரியாகத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

சந்தவாசலில் நானும் இறங்கினேன். அவள் அப்பாவை முன்னால் போகவிட்டுப் போனை எடுத்தாள்.

"நாளைக்கு என் தட்டுல சத்துத் தண்ணி மாத்தாதடி. பழசையும் எடுத்துடு. ஏன்னு கேக்காத. ஒருநாள் அவன் பட்டினி கெடக்கட்டும்."