மூன்று நொடி

14 செப்டம்பர் 1993, செவ்வாய்.

நேற்றைய பக்கத்தில் ஒரு தவறு. நெற்றிப்பட்டையின் எடை நூற்றைம்பது கிராம் என்று எழுதியிருந்தேன். அத்தாவின் மளிகைக் கடைத் தராசில் மறுபடி வைத்துப் பார்த்ததில் நூற்றெண்பது. எதையும் இரண்டு முறை பார்க்காமல் எழுதக்கூடாது.

பட்டையைச் செய்தவன் நான். என் தங்கை ஷஹீதாவுக்குப் பிறவியிலேயே மூளை வாதம். பேச்சு வராது, கை சொன்னபடி கேட்காது. தலையை மட்டும் இடப்பக்கம் சாய்ப்பாள். பட்டையில் சிறு கண்ணாடிக் குழாய்க்குள் பாதரசம் இருக்கிறது. தலை சாய்ந்தால் அது ஓடிப்போய் இரண்டு கம்பிகளைத் தொடும், கம்ப்யூட்டருக்கு அது ஒரு விசையை அழுத்தியது போல. திரையில் எழுத்து வரிசைகள் மேல் ஒரு வெளிச்சம் நகரும். வேண்டிய இடத்தில் அவள் சாய்க்க வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் வெளிச்சம் மூன்று நொடி நிற்கும்படி புரோகிராம் எழுதினேன். அவள் நினைப்பதற்கும் தலை சாய்வதற்கும் நடுவே அவ்வளவு நேரம் ஆகிறது.

மாலைக் கம்ப்யூட்டர் வகுப்பில் பதினோரு வாரம் பழகினாள். ஒருநாள் ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்தாள்: "அண்ணே உன் புரோகிராம் நொம்ப தூங்குது."

சாந்தாமேரி டீச்சர் சிரித்தார். "ஏனுங்க தம்பி, தங்கச்சி உங்களையே மிஞ்சிருவா போலிருக்கே."

நானும் சிரித்தேன்.

சென்னையிலிருந்து ஒரு பயிற்சி இல்லத்தார் சனிக்கிழமை வந்தார்கள், ஒரு அம்மாளும் ஒரு டாக்டரும். ஒரே இடம்தான் காலி. பெயரையும் மூன்று பதில்களையும் அடித்துவிட்டால் இரண்டு வருடம் விடுதியில் தங்கிப் படிக்கலாம். அங்கே பழக்க ஆட்கள் இருக்கிறார்கள், அண்ணன் வரவேண்டியதில்லை என்று அவர்கள் முன்பே அனுப்பிய கடிதத்தில் இருந்தது. அந்த வரியை நான் பல முறை படித்தேன். என் பத்து வயதிலிருந்து அவளைத் தூக்கி ஜீப்பில் ஏற்றுகிறவன் நான். எங்கள் மலையூர் மஞ்சக்குட்டையில் ஜீப்காரர்கள்கூட என்னைப் 'பட்டை செஞ்ச தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். சென்னை வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்ளாது. அங்கே யாருக்கு அவள் முகம் பார்த்துத் தாகம் தெரியும்?

சனிக்கிழமை காலை வகுப்பறையைப் பெருக்குவதற்கு முன் புரோகிராமைத் திறந்தேன். மூன்றை ஒன்றாக்கினேன். வேறு எதையும் தொடவில்லை.

வேற்று ஆண் வருகிறாரே என்று அம்மா ஷஹீதாவுக்கு முக்காடு போட்டு, அதன் மேல் பட்டையைக் கட்டினார்கள்.

"பேர் அடிம்மா," என்றார் அந்த அம்மாள்.

வெளிச்சம் ஓடியது. ஷஹீதா சாய்க்கும்போதெல்லாம் அது இரண்டு எழுத்து தாண்டியிருந்தது.

"நிதானமா அடி கண்ணு. கொஞ்சம் பொறுங்க, வகுப்புல நல்லா அடிச்சவதாங்க... எல்லாம் தெரியுமுங்க அவளுக்கு," என்று அம்மா உளறினார்கள்.

திரையில் நான்கு எழுத்துகள். ஒன்றுகூட அவள் பெயரில் இல்லை. பிறகு அவள் தலையை அசைப்பதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். டாக்டர் ஏதோ எழுதிக்கொண்டார். இடத்தை வேறொரு பெண்ணுக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மா மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. "முக்காட்டு மேல கட்டுனேன், வழுக்கிப் போச்சு. எம்புள்ள வாழ்க்கைய நானே கெடுத்துட்டனே அல்லாவே" என்கிறார்கள்.

"ஆமாம்மா, துணி வழுக்கியிருக்கும். விடுங்க," என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

எண்ணைச் சனிக்கிழமையே மறுபடி மூன்றாக்கிவிட்டேன். இன்று மாலை வகுப்பில் அவளே கண்ணால் பட்டையைக் காட்டிக் கேட்டாள். கட்டிவிட்டேன். டீச்சர் வாசலில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். ஷஹீதா பொறுமையாக அடித்தாள். "இப்ப மூணு. அன்னிக்கு ஒண்ணு. அம்மாகிட்ட சொ" வரை வந்தது. கரண்ட் ஏறி இறங்குகிறது என்று நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

என்மேல் அவளுக்குக் கோபம் இருக்கலாம். சின்னப் பெண், தனக்கு எது நல்லது என்று சொல்லத் தெரியாது.

நாளை: காலை பத்து மணிக்கு டீச்சரைப் பார்த்து, பட்டையால் ஷஹீதாவுக்குத் தலைவலி வருகிறது, இனி வகுப்புக்கு வரமாட்டாள் என்று சொல்ல வேண்டும்.