மாற்றாத சொற்பட்டியல்

எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் எனக்கு நிம்மதி கிடையாது. வீட்டைப் பூட்டிவிட்டுப் பாதித் தெரு போனபின் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். விசாரணையில் நீங்கள் கேட்டதால், என் நாட்குறிப்பைப் பார்த்தே வரிசையாகச் சொல்கிறேன் ஐயா.

பகலில் கால்பந்து மன்றத்தில் முதலுதவியாளர் வேலை. மாலையில் விளையாட்டுக் காயங்கள் பற்றிய வகுப்பு. தலையில் அடிபட்டவர் மறுபடி ஆடலாமா என்று கணிப்பதுதான் அப்போது பாடம். ஐந்து சொற்களைப் படித்துத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். ஒற்றைக் காலில் நிற்க வைப்போம். சொற்பட்டியலை ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மனப்பாடமாகிவிடும்.

ஆசிரியை என் குறிப்பேட்டைப் புரட்டி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எல்லாருக்கும் இன்னும் ஒரு வாரம் ஓய்வுன்னே எழுதியிருக்கீங்க. உங்க கணிப்பு சரின்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நியாயமான கேள்வி. ஓய்வில் இருப்பவருக்கு ஒன்றும் ஆவதில்லை. அப்படியென்றால் நான் கண்டது ஆபத்தையா, என் பயத்தையா?

பிறகு எங்கள் கோல்கீப்பர் அண்ணன் கோல் கம்பத்தில் தலையை மோதிக்கொண்டார். மூன்று பரிசோதனைகளிலும் ஒரே பட்டியலைத்தான் படித்தேன். ஜன்னல், சர்க்கரை, கயிறு, குதிரை, மணி. முதல் முறை இரண்டு சொன்னார். மூன்றாம் முறை நான் 'கயிறு' என்னும்போதே 'மணி'க்குப் போய்விட்டார்.

"பாஸா டாக்டரே? பொண்டாட்டி பிறந்தநாளை மட்டும் கேட்டுடாதீங்க. அது அடிபடறதுக்கு முன்னாடியே ஞாபகம் இல்ல."

ஒற்றைக் காலில் நான்கு முறை தடுமாறினார். மன்றத்துத் தாளில் 'தடுமாற்றம்: பூஜ்யம்' என்று போட்டேன். நாட்குறிப்பில் நான்கு என்று எழுதி, 'இன்னொரு அடி தாங்கமாட்டார்' என்று கீழே சேர்த்தேன்.

அடுத்த ஆட்டத்துக்கு முந்தின நாள் அவர் மனைவி வந்தார். "தம்பி, லைட்டைப் போட்டா எரிஞ்சு விழறார். சாப்பிட்டு முடிச்சுட்டு, மறுபடியும் தட்டோட வந்து உக்கார்றார். நீங்க வேண்டாம்னு ஒரு வார்த்தை சொன்னா கேட்டுப்பார்."

"தேறிட்டார் அண்ணி. தாளைப் பாருங்க."

பார்த்தார். முகம் தெளிந்து, வீட்டுக்குப் போனார்.

முப்பத்தோராவது நிமிடத்தில் ஒரு தோள் அவர் தாடையில் லேசாக இடித்தது. எழுந்தார். கையுறையைக் கழற்றப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். ஓடினேன். ஸ்ட்ரெச்சரைக் கூப்பிடும் முன் கண்மணிகளை அளந்து குறித்துக்கொண்டேன். வலது பெரிதாக இருந்தது, மூளையில் ரத்தம் கசிவதன் அடையாளம். அதற்கு இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

மூன்றாம் நாள் இறந்தார். என் கணிப்பு சரி.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு தடவை பார்த்துத்தானே அனுப்பினீங்க. உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன்." எனக்கும் ஆறுதலாக இருந்தது.

வகுப்புக்கு எழுதிய கட்டுரையில் அவர் பெயரைப் போடவில்லை. 'ஆண், வயது முப்பத்திரண்டு' என்று மட்டும் எழுதினேன். ஒரு குடும்பத்துக்குச் சங்கடம் தரும் காரியம் எதையும் நான் செய்ததில்லை.